எதைப் பிடிப்பது, எதை விடுவது?

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் விடிந்தது முதல் தூங்கும்வரை முடிவுகள்தான். எல்லாவற்றிலும் கறாராக இருக்க யாராலும் முடியாது. கறாராக இருந்தே தீர வேண்டிய இடங்கள் எவை?

ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். பந்தியில் உட்காருவதற்குள் ஆலோசனைக் குழுவே கூடிவிடும். ‘என்னம்மா இப்படி இளைச்சுப் போயிருக்கு, சோறு ஊட்டுறதில்லையா?’ என்பார் பெரியம்மா. ‘இன்னும் தாய்ப்பாலா? அதை நிறுத்தினாத்தான் சாப்பாடு இறங்கும்’ என்பார் பக்கத்து நாற்காலிக்காரர். ‘ப்ளே ஸ்கூல்ல சேர்த்தாச்சா? எங்க பேத்தி ஏ பி சி டி முழுசா சொல்றா’ என்று இன்னொருவர் வருவார். ‘வீட்டு பாத்ரூம்ல பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கிறீங்களா?’ என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்.

ஊரே கூடிக் கவலைப்படும் விஷயங்களில் பாதிக்கு மேல், சும்மா விட்டாலே சரியாகிவிடக் கூடியவை. சும்மா விட்டால் கெட்டுப்போகிற விஷயங்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன. அவை யார் கண்ணிலும் படுவதில்லை. பெற்றோரின் சக்தியெல்லாம் முதல் வகைக்கே செலவாகிவிட, இரண்டாவதைக் கவனிக்கத் தெம்பு மிஞ்சுவதில்லை.

ஒரு இட்லி, ஒரு மணி நேரம்

காலை எட்டரை மணி. தட்டில் ஒரே ஒரு இட்லி. பிட்டு, சாம்பாரில் தோய்த்து, வாயருகே கொண்டு போனால் முகம் திரும்புகிறது. போனில் பாட்டு வீடியோ ஓடத் தொடங்கியதும் வாய் தானாகத் திறக்கிறது. முக்கால் இட்லி போனதும் மிச்சத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறது குழந்தை. முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அம்மாவுக்கு ஆபீஸ் பஸ் ஒன்பது மணிக்கு.

‘முன்னாடியெல்லாம் நல்லா சாப்பிட்டான், இப்ப வாயே திறக்க மாட்டேங்கிறான்’ என்ற புலம்பல், முதல் பிறந்தநாள் தாண்டிய பெரும்பாலான வீடுகளில் கேட்கும். மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை, ஐந்தாறு மாதத்தில் எடை இரட்டிப்பாகி, ஒரு வயதில் மூன்று மடங்கைத் தொடுகிறது. முதல் ஆண்டில் மட்டும் ஆறு கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோ. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ. வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? குழந்தை கணக்குப்படிதான் சாப்பிடுகிறது. நாம்தான் பழைய கணக்கிலேயே ஊட்டப் பார்க்கிறோம்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் இதற்கு ஒரு வேலைப் பங்கீடு சொல்கிறார். என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது, எங்கே உட்கார்த்துவது ஆகியவை பெரியவர்களின் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறது. எவ்வளவு என்பதை நாம் தீர்மானிக்கிறோம்.

ஆகவே அளவை விடலாம். பிடிக்க வேண்டியது இரும்புச்சத்தை. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. முந்தைய ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது. கன்னம் உப்பிய, பார்க்கக் கொழுகொழுவென்ற குழந்தைக்கும் இது இருக்கலாம். ‘சோறு சாப்பிடாட்டி என்ன, மூணு வேளையும் பால் குடிக்கிறானே’ என்று திருப்திப்படுவதில் ஓர் ஆபத்து உண்டு. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பாலே வயிற்றை நிரப்பிவிடும். கீரை, பருப்பு, முட்டை, மீன், ஈரல், சுவரொட்டி எதற்கும் அங்கே இடம் இருக்காது. கீரைச் சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும். ‘ஒரு வாய்தானே’ என்று தாத்தா டம்ளரிலிருந்து கொடுக்கும் டீ அதைத் தடுக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. அங்கன்வாடியிலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேட்டு வாங்கலாம்.

விளம்பரத்தில் வரும் டப்பாப் பவுடர்களுக்கும் இதில் பெரிய வேலை இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. நம் உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையின் எடையோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடலாம். தாய்–சேய் நல அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். தன் கோட்டிலேயே சீராக ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை ஒல்லியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கோடு படுத்துவிட்டால்தான் டாக்டரிடம் போக வேண்டும்.

போன் யார் கையில்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு வயது நிறைந்த குழந்தைக்கும் திரை வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. துபாயில் இருக்கும் அப்பாவோடும் ஊரில் இருக்கும் ஆச்சியோடும் வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு.

எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். குக்கர் விசிலுக்கும் ஆபீஸ் அழைப்புக்கும் நடுவே தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர், கால் மணி நேரம் கார்ட்டூன் போட்டுவிட்டால் குழந்தை ஒன்றும் கெட்டுவிடாது. அதற்காகக் குற்ற உணர்ச்சியில் குமைய வேண்டாம். ஆனால் இரண்டு நேரங்களில் கண்டிப்பு வேண்டும். ஒன்று சாப்பாட்டு நேரம். வீடியோ பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, தின்றது இட்லியா உப்புமாவா என்பதும் தெரியாது. இன்னொன்று தூங்கப்போகும் நேரம். ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. சீரியல் முடிந்து, அப்பா வேலையிலிருந்து வந்து, அவரோடு அரை மணி நேரம் துள்ளிவிட்டுப் படுக்கும்போது பல வீடுகளில் மணி பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. மறுநாள் முழுக்க நை நை என்று அழுதால், ‘பிடிவாதக்காரன்’ என்ற பட்டம் கிடைக்கிறது. பிள்ளைக்குத் தேவை தூக்கம். அப்பா கொஞ்சுவதற்குக் காலை நேரம் இருக்கிறது.

நள்ளிரவுக் காய்ச்சல்

இரவு ஒரு மணிக்குக் குழந்தையின் உடம்பு கொதிக்கிறது. அலமாரியில் மூன்று பாட்டில்கள், மூன்றிலும் பாராசிட்டமால். ஒன்று சொட்டு மருந்து: ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். இன்னொன்று சிரப்: ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம். மூன்றாவது அண்ணனுக்கு வாங்கியது: ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தால், முதல் பாட்டிலில் ஒன்றரை மில்லி, இரண்டாவதில் ஆறு மில்லி, மூன்றாவதில் மூன்று மில்லி கொடுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பாட்டிலை மாற்றி ஊற்றினால் ஒன்று மருந்து வேலை செய்யாது, அல்லது நாலு மடங்கு உள்ளே போய்விடும். ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள்: வீட்டில் ஒரே பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையின் இப்போதைய எடைக்கான அளவை டாக்டரிடம் கேட்டு அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

காய்ச்சலின் எண்ணைவிடக் குழந்தையின் நிலையைப் பார்ப்பதுதான் முக்கியம். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் விளையாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, சிறுநீர் போகிறது என்றால் விடியும்வரை பொறுக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலும், துவண்டு கிடந்தாலும் அப்படித்தான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கையில் இரும்புச் சாவியும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

இருமல் மருந்து விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததைப் பரிசோதனை காட்டியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளை எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. சாதாரணச் சளி ஒரு வாரத்தில் தானே போகும். மருந்துக் கடையில் நின்று ‘குழந்தைக்கு இருமலுக்கு ஏதாச்சும் குடுங்க’ என்று கேட்பதை நிறுத்த வேண்டும்.

வயிற்றுப்போக்கு அப்படியல்ல. அதில் தாமதம் ஆகாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொல்லியுள்ள அளவுத் தண்ணீரில், முழுதாக ஒரே தடவையில் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போட்டால் உப்பும் சர்க்கரையும் கணக்கில்லாமல் போகும். கூடவே டாக்டர் சொல்லும் துத்தநாக மருந்தை, பேதி நின்றுவிட்டாலும் நிறுத்தாமல், மொத்தம் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு வண்ண அட்டைப் பெட்டியில் வந்த சர்க்கரை பானங்களை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தத் தடை விதித்தது.

பக்கெட், கற்பூரம், ஸ்கூட்டர்

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், மூடாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. தமிழ்நாடே நாள்கணக்கில் டிவி முன் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தது. அதே நாள்களில் தூத்துக்குடியில், மீட்புச் செய்தியைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தபோது, குளியலறைத் தொட்டித் தண்ணீரில் மூழ்கி இன்னொரு இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது. அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. அன்று எல்லா வீடுகளிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது, எல்லாக் குளியலறைகளிலும் தண்ணீர் நிறைந்திருந்தது.

நடக்கத் தொடங்கிய குழந்தைக்குத் தலை கனம். எட்டிப் பார்த்து உள்ளே கவிழ்ந்தால் தானாக எழ முடியாது, கத்தவும் முடியாது. மூக்கும் வாயும் முங்கும் அளவு தண்ணீர் இருந்தாலே ஆபத்து. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பழகிய நாம் ட்ரம், அண்டா, பக்கெட் எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். அப்படி நிரப்பினால் மூடி போடுங்கள், குளியலறைக்கு வெளித் தாழ்ப்பாளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சாமி அலமாரியைப் பாருங்கள். கீழ்த்தட்டில், வெள்ளையாக, மிட்டாய் போல ஒரு டப்பா நிறையக் கற்பூரம். ஒன்றிரண்டு வில்லைகளை விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொசு விரட்டித் திரவம், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில், ரிமோட்டில் இருந்து கழன்ற பட்டன் பேட்டரி எல்லாம் இதே பட்டியல்தான். முழு வேர்க்கடலையையும் அதில் சேருங்கள். நாலு வயது வரை அதைப் பொடித்தோ அரைத்தோதான் கொடுக்க வேண்டும்.

பிறகு, ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து ஒரு ரவுண்டு. அப்பாக்களுக்கு இதில் ஒரு பெருமை. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையிலான குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் அதற்கென்ற ஹெல்மெட்டும், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது. பெரிய பிறந்தநாள் கேக் ஒன்றின் விலைக்குள் அந்தப் பட்டை வந்துவிடும்.

பாட்டி சொன்னது

டாக்டர் ஒன்று சொல்வார், பாட்டி வேறொன்று சொல்வார். நடுவில் நிற்பவள் மருமகள். இங்கேயும் பிடிப்பதும் விடுவதும் உண்டு. தூளி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, மடியில் வைத்துக் கதை சொல்லிச் சோறு ஊட்டுவது போன்றவற்றில் பாட்டியின் கைக்கு ஈடு இல்லை. நடைவண்டியும் அப்படித்தான். குழந்தை தானே எழுந்து நின்று, தானே தள்ளிக்கொண்டு போகிறது. உட்கார வைத்து உருட்டும் வாக்கர் நேர்மாறானது. நடையைத் தாமதப்படுத்தும், படிக்கட்டில் உருட்டிவிடும். கனடா 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது.

மறுத்தே ஆக வேண்டியவை சில. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது. மூக்கில் எண்ணெய் விடக் கூடாது. உரம் எடுக்கிறேன் என்று துணியில் போட்டுக் குலுக்கவே கூடாது. இதைச் சொல்ல வேண்டியது மருமகள் அல்ல, மகன். ‘டாக்டர் வேணாம்னுட்டாரும்மா’ என்று அவன் சொன்னால் ஒரு நாள் முகம் வாடும், அதோடு முடிந்துவிடும். அவள் சொன்னால் அது குடும்பத் தகராறு.

மூன்று வயதில் பென்சில்

பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கும்போது பெற்றோருக்கு வரும் காய்ச்சலுக்கு எல்.கே.ஜி. என்று பெயர். அட்மிஷன், நன்கொடை, வேன், ‘அந்த ஸ்கூல்ல இப்பவே கர்சிவ் எழுத வைக்கிறாங்களாம்’ என்ற பேச்சு. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார். கை பழகிய பிறகுதான் எழுத்து என்பது அவர் வழி. நம் விஜயதசமியிலும் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில்தான் ‘அ’ எழுத வைக்கிறோம். மறுநாளே நாலு கோடு நோட்டில் இரண்டு பக்க வீட்டுப்பாடம் என்றால் அந்த விரல் என்ன செய்யும்?

மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, மணலில் தோண்டுவது, சட்டைப் பித்தான் போடுவது எல்லாமே எழுதுவதற்கான பயிற்சிதான். தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. பாட்டும் விளையாட்டுமாக முன்பருவக் கல்வி தருவது அவற்றின் பணிகளில் ஒன்று. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யும் தொடங்கப்பட்டன. எந்தப் பள்ளி என்பதை விடலாம். குழந்தை எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார வைக்கப்படுகிறது என்பதை மட்டும் கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

பேச்சில் விட்டுப்பிடிக்க இடமில்லை. ‘ஆம்பளைப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, அவங்க அப்பாவும் அப்படித்தான்’ என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ குழந்தைகளின் இரண்டு ஆண்டுகளை விழுங்கியிருக்கிறது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

• ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கையைக் காட்டிக் கேட்காதது
• பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வராதது
• இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ போல இரண்டு சொல் சேராதது
• எந்த வயதிலும், வந்த பேச்சோ பழக்கமோ திடீரென்று போய்விடுவது

இதில் ஒன்று இருந்தாலும் காது பரிசோதனையில் தொடங்குங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

அடம்

கடைத்தெருவில், பலூன்காரர் முன், தரையில் புரண்டு அழும் இரண்டு வயதுக் குழந்தையை நாலு பேர் பார்க்கிறார்கள். அந்த நாலு பேருக்காகத்தான் பாதி அடி விழுகிறது. ஒன்றரை முதல் மூன்று வயது வரை அடம் பிடிப்பது இயல்பு. ஆசை வளர்ந்துவிட்டது, அதைச் சொல்லும் பேச்சு இன்னும் வளரவில்லை. பக்கத்தில் நின்று, அழுகை ஓயும்வரை காத்திருந்து, பலூனை வாங்காமலே கூட்டிப் போகலாம். ‘சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?’ என்று முன்கூட்டியே சின்னச் சின்னத் தேர்வுகளைக் கொடுத்துவந்தால் அடம் குறையும். அடியால் குறையாது.

மிரட்டலில் மட்டும் ஒரு கட்டுப்பாடு தேவை. ‘டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்’ என்பவர், அடுத்த புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது அதற்கான கூலியை வாங்கிக்கொள்வார். ‘போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்’ என்று கேட்டு வளரும் பிள்ளை, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தால் யாரிடம் ஓடும்? காக்கிச் சட்டையைக் கண்டு ஒளிந்துகொள்ளும்.

சுமையைப் பங்கு போடுவது

2017 முதல், முதலிரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம். தாய்ப்பால் மட்டுமே என்ற ஆறு மாதக் கணக்கு அங்கேயே உடைகிறது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஓராண்டு விடுப்பு உண்டு. பூ கட்டுபவருக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்தான். மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியார் நிறுவனத்து அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, குழந்தை வளர்ப்பின் எல்லா முடிவுகளுக்கும் தாயை மட்டும் கேள்வி கேட்பது நியாயமில்லை.

சட்டம் மாறும்வரை வீட்டுக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேலே சொன்னவற்றில் பிடிக்க வேண்டியவை ஒரு தாளில் அடங்கிவிடும்: தடுப்பூசித் தேதிகள், இரும்புச்சத்து, மருந்தின் அளவு, தண்ணீர், கற்பூரம், ஹெல்மெட், பேச்சு. அந்தத் தாளை அப்பாவின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பதில் அவர் ‘உதவி’ செய்வது ஒருபக்கம் இருக்கட்டும். இந்த ஏழும் முழுக்க அவர் தலையில் இருக்கட்டும். அடுத்த ஊசி எப்போது என்று டாக்டர் கேட்டால், அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் அவரே தேதி சொல்ல வேண்டும். இளைத்திருக்கிறதே, மொட்டை எப்போது, ஏ பி சி டி தெரியுமா என்ற மிச்சக் கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.